மூத்தது எது என்று தெரியாமல் நின்ற மெஷின்

நம் வயதுக்காரர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளே இருக்கிற பாகங்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தோம் என்று என் பிள்ளைகளிடம் சொன்னால் வாயைப் பிளக்கிறார்கள். நானும் இத்தனை வருடமாக வாயைப் பிளந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் சந்தனத்துக்காக இல்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. ஆண்டாப் ஹில்லில் ஒரு பழைய பில்டிங்கில் ஒரு ரூம், ஒரு கிச்சன், துணி காயப்போட ஒரு பொதுக் கேலரி. அப்பா பைகுல்லா பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அம்மாவுக்கும் அவருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். வந்து எத்தனையோ வருடமாகியும் பேச்சு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். டிப்ளமா முடித்துவிட்டு கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த மழைக்காலம் முழுக்க அவள் வீட்டுத் தரையில் நியூஸ்பேப்பரை விரித்து ஒரு கம்ப்யூட்டர் கட்டினாள்.

கட்டினாள் என்றுதான் சொல்ல வேண்டும். லேமிங்டன் ரோட்டுக் கடைகளில் ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கிக்கொண்டு வருவாள். சிலது புதுசு, சிலது யாரோ கழற்றிப் போட்டது. மதர்போர்டு வந்த வெள்ளிக் கலர் பையை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்; அதற்குள் மூக்கை விட்டால் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாசனை வரும். இப்போது அந்தப் பை எங்கே போயிற்றோ. கேபினட்டின் தகர ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். அந்த இரண்டு மூன்று மாதமும் அக்காவின் விரல்களில் பிளாஸ்திரி இல்லாத நாளே கிடையாது.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். இது எதுக்கு, அது எதுக்கு என்று ஓயாமல் கேட்பார். அக்காவும் சளைக்காமல் சொல்வாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டிருப்பேன்.

"ப்பா, இந்தச் சப்பட்ட வயர் இருக்குல்லா, இதுல ரெண்டு பேரு தொங்குதாவ. ஒண்ணு ஹார்ட் டிஸ்க், இன்னொண்ணு சிடி டிரைவ். சுவிட்சப் போட்டு சாலு பண்ணுன உடனே மெஷின், யாரெல்லாம் இருக்கீயன்னு கூப்புடும். அப்போ மூத்தது எது, இளையது எதுன்னு தெரியணும். தெரியலன்னா ரெண்டும் சேந்து வாயத் தொறக்கும், இல்லன்னா ரெண்டும் பேசாம இருக்கும். மெஷின் காத்துக்கிட்டே நிக்கும்."

"அத யாரு அதுககிட்ட சொல்லுவா?"

அக்கா சிடி டிரைவைத் திருப்பி அதன் முதுகைக் காட்டினாள். வரிசையாகச் சின்ன ஊசிகள். அதில் ஒரு ஜோடியின் தலையில் மட்டும் ஒரு கறுப்பு மூடி. கட்டெறும்பைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். "இதாம்ப்பா, ஜம்பர். இது இங்கன இருந்தா நான் இளையதுன்னு அர்த்தம்."

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைக் கிட்டத்தில் பார்த்தார். "இத்துனூண்டு சாமான். இது இல்லன்னா மெஷின் கெட்டு கராப் ஆயிருமா?"

"ஆவாதுப்பா. சுணங்கும், அவ்வளவுதான்."

மெஷின் முதல்முதலாக ஓடிய அன்று கேலரியில் நிற்க இடமில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று இறங்கி, சட்டென்று கலர் வந்தது. நாங்கள் மௌசி என்று கூப்பிடுகிற மாடி வீட்டு அம்மாள் கைதட்டினாள். பாகங்கள் வாங்கிய கடையின் சேட் அக்காவிடம், இவ்வளவு சுத்தமாகக் கட்டுகிறாயே, எங்கள் கடைக்கே வேலைக்கு வந்துவிடு என்று சொல்லியிருந்தார். அக்கா அதை அன்றைக்குத்தான் வீட்டில் சொன்னாள். கேலரியில் கேட்டுக்கொண்டு நின்ற யாரோ, ஆம்பளைங்க கூட்டமாக இருக்கிற தெரு அது, அங்கேயா அனுப்பப் போகிறீர்கள் என்று இழுத்தார்கள்.

அப்பாவுக்கு அன்று நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "இவ பண்ணுன மெஷின் தீபாவளி வரைக்கும் ஒரு கோளாறு இல்லாம ஓடட்டும். நான் எங்கையால கூட்டிட்டுப் போய் வேலைல விடுதேன். ஓடலன்னா, நான் சொல்லுதத அவ கேக்கணும்."

"சரிப்பா," என்றாள் அக்கா. அவள் முகத்தில் அப்போது இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று எங்கள் ஆட்களிடம் ஒரு பேர் உண்டு. ஒரு பெருமழையில் ரயில் நின்றுபோய், தாதரிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்தார். எனக்கு ஸ்கெட்ச் பேனா வாங்கி வருவதாகக் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அப்படிப்பட்ட மனுஷர். அதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே கேட்க வேண்டும்.

சில வாரம் கழித்து, ஒருநாள் வேலையிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அம்மாவிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். மறுநாள் அரிசி பொறுக்கும்போது அம்மா அதை அக்காவிடம் சொன்னாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

அப்பாவுக்கு ஒரு ரயில் சிநேகிதர் உண்டு. தாராவிக்காரர், அவரும் நம் ஊர்ப் பக்கம்தான். தினமும் இரண்டு பேரும் சயானில் ஒரே ரயில் டப்பாவில் ஏறுவார்கள். நாங்கள் அவரை ரயில் மாமா என்போம். ஒருதரம் கூட்டத்தில் அப்பா கை நழுவி வாசலில் தொங்கியபோது, காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டவர் அவர். "அந்த மனுசன் இல்லன்னா உங்கப்பா இன்னைக்கு இல்ல," என்றாள் அம்மா. "அவுக பையனுக்கு உன்னக் கேட்டிருக்காவ. உங்கப்பா சரின்னு வார்த்த குடுத்துட்டு வந்துட்டாவ. தீபாவளிக்கு வீட்டுக்கு வாராவளாம்."

"அப்போ எங்கிட்ட சொன்ன வார்த்த?"

அரிசியில் கல் இருந்ததோ இல்லையோ, அம்மா முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா, "மெஷின் ஓடிட்டுன்னா அப்பா என்னத்தான் அனுப்புவாவ," என்றாள். "மொதல்ல எனக்குத்தான் சொன்னாவ." அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு அப்பாவின் ஸ்பேனர்கள், சுத்தியல், அம்மாவின் அரிவாள்மணை, தையல் மெஷின், என் புத்தகம் எல்லாம் சாமி படத்தின் முன்னால் போய்விடும். அந்த வருடம் கம்ப்யூட்டரும் போயிற்று. வெளியே தகரத்துக்கு மட்டும் பொட்டு வைத்தால் போதாது, உள்ளே வேலை செய்கிறதுக்கல்லவா வைக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். அக்கா பயந்து பயந்து கேபினட்டைத் திறந்தாள். "சர்க்கியூட்ல படாம வைம்மா, இந்தத் தகடுல மட்டும் வை," என்று காட்டிக் காட்டிக் கொடுத்தாள். அம்மா ஹார்ட் டிஸ்குக்கு ஒன்று, சிடி டிரைவுக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று என்று சுற்றி வைத்தாள். அன்று முழுக்க எதையும் தொடக் கூடாது. மெஷின் திறந்த வயிற்றோடு சாமி முன்னால் இருந்தது. வீடெல்லாம் சாம்பிராணியும் பொரிகடலையும் மணந்தது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து அக்கா சுவிட்சைப் போட்டாள்.

கறுப்புத் திரை வந்தது. மெமரி எண்ணியது. டிரைவ்களைத் தேடுகிறேன் என்கிற வரி வந்தது. அங்கேயே நின்றது. வரியின் முனையில் வெள்ளைக் கோடு மினுக் மினுக்கென்றது. நாங்கள் நான்கு பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா போய்ப் பால் காய்ச்சி இறக்கிவிட்டு வந்தாள், அப்போதும் கோடு மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் ஒருவழியாக ஹார்ட் டிஸ்க் பேரைச் சொல்லி, தள்ளாடிக்கொண்டு மேலே போயிற்று. சிடி டிரைவ் பேரையே சொல்லவில்லை. அணைத்துப் போட்டால் மறுபடியும் அதே கதை.

"சந்தனம்," என்றாள் அம்மா. அவளுக்கு முகமே செத்துப் போயிற்று. "எங்கையாலயே பண்ணிட்டேனே."

அன்றிலிருந்து அம்மா பட்ட பாடு இருக்கிறதே. பஞ்சை வைத்து ஒவ்வொரு தகடாகத் துடைத்தாள். செம்பூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமை பட்டினி கிடந்தாள். மாடி வீட்டு மௌசி வந்து பார்த்துவிட்டு, "கிஸி கீ நஜர் லகி ஹை," கண் பட்டுவிட்டது என்று சொல்லி, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து மானிட்டரின் மூலையில் தொங்கவிட்டாள். சிரிக்காதீர்கள். தினமும் அம்மா அதற்கு முன்னால் நின்று, மெஷினிடம் மன்னிப்புக் கேட்பதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அப்பாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதே ரூமில், நாலடி தள்ளி.

அக்கா சந்தனத்தை நம்பவில்லை. வயரை மாற்றினாள். உள்ளே செட்டிங்கில் போய், ஆள் இல்லாத இடத்தில் எல்லாம் 'இல்லை' என்று போட்டு, மெஷின் வீணாகத் தேடாமல் செய்தாள். பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்போம் என்று சிடி டிரைவைப் பிடுங்கினாள். சுவிட்சைப் போட்டதும் மெஷின் பழையபடி பறந்தது. திரும்ப மாட்டினால் நின்றது. அவள் டிரைவை வெளியே இழுத்து, திருப்பி, டார்ச் அடித்தாள்.

"ஜம்பரக் காணும்," என்றாள்.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் பாசி, பட்டன், உடைந்த வளையல் எதைக் கண்டாலும் பொறுக்கி டப்பாவில் போடுகிற பிள்ளை. நான் எடுக்கவில்லை என்று சொல்லச் சொல்ல அம்மா என் டப்பாவைத் தரையில் கொட்டினாள். அதில் இல்லை. இல்லையென்றதும் அம்மாவுக்கு இன்னும் கோபம். அத்தனை நாள் பட்டினியும் பயமும் சேர்ந்து என் கன்னத்தில் இறங்கியது. காது ங்ஙொய் என்றது.

அப்பாதான் எழுந்து வந்து என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். "சின்னப் பிள்ள, விடு. அது என்னத்தக் கண்டுச்சு," என்றார். என்னைக் கீழே கூட்டிப்போய் குல்ஃபி வாங்கிக் கொடுத்தார். நான் தேம்பிக்கொண்டே தின்றேன். உலகத்தில் என்னை நம்புகிற ஒரே ஆள் அப்பாதான் என்று நினைத்தேன். அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு படியேறினேன்.

கடையில் கேட்டால் ஜம்பர் ஒரு பிடி அள்ளித் தருவார்கள். அக்கா ஒன்று வாங்கி வந்து மாட்டினாள். மெஷின் சரியாயிற்று. அம்மா முருகனுக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். எலுமிச்சம்பழம் மட்டும் அப்படியே தொங்கியது.

நாலைந்து நாள்தான். மறுபடியும் ஒரு காலை அதே கறுப்புத் திரை, அதே வரி, அதே மினுக்கல்.

அக்கா கேபினட்டைத் திறக்கப் போனாள். அவள் அதை அடிக்கடி திறப்பதால் ஸ்க்ரூவைக் கையாலேயே திருகி விட்டுவிடுவாள், திறக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். அன்றைக்கு அது அசையவில்லை. ஸ்க்ரூடிரைவரைப் போட்டு, முழங்காலால் கேபினட்டை அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் திருகினாள். எங்கள் வீட்டில் அப்படி முறுக்குகிற கை ஒன்றுதான். ஊறுகாய் ஜாடி, தண்ணீர்க் குழாய், என் வாட்டர் பாட்டில், எதுவானாலும் அப்பா மூடிவிட்டால் அவரேதான் வந்து திறக்க வேண்டும்.

ஸ்க்ரூ கையோடு வந்தது. அக்கா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். டிரைவின் முதுகைப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே கேபினட்டை மூடினாள்.

"சரி பண்ணேன்ட்டி, தீபாவளிக்கு நாலு நாள்தான கெடக்கு," என்று அம்மா கெஞ்சினாள்.

"பாப்போம்மா."

கடை இருக்கிறது, ஜம்பர் இருக்கிறது, இவள் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அந்த நாட்களில் அவள் அப்பாவிடம் சாதாரணமாகத்தான் பேசினாள். சாப்பாடு போட்டாள். சட்டை தேய்த்துக் கொடுத்தாள்.

தீபாவளி அன்று காலை, எண்ணெய்க் குளியல் முடிந்து, கீழே பட்டாசுப் புகை படியேறி வந்துகொண்டிருந்தபோது ரயில் மாமா வந்தார். கூட அவர் வீட்டு அத்தை, அவர்கள் பையன். பையன் புதுச் சட்டையின் விலைச் சீட்டைக்கூடக் கிழிக்காமல் வந்திருந்தான். அம்மா முறுக்கும் அதிரசமும் வைத்தாள். கொஞ்ச நேரம் ஊர்ப் பேச்சு, ரயில் பேச்சு. அப்புறம் அப்பா தொண்டையைச் செருமினார்.

"நம்ம பிள்ள ஒரு மெஷின் பண்ணிருக்கா. தீபாவளி வரைக்கும் கோளாறு இல்லாம ஓடுனா வேலைக்கு அனுப்புதேன்னு சொல்லிருந்தேன். உங்க முன்னாலயே பாத்துருவோம்." அவர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஏட்டி, சாலு பண்ணு."

அக்கா சுவிட்சைப் போட்டாள். வரி வந்தது. நின்றது. மினுக் மினுக்.

எல்லோரும் பார்த்தார்கள். அத்தை முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டாள். ரயில் மாமா நல்ல மனுஷர், சங்கடப்பட்டு, "ரொம்ப நேரம் எடுக்கே," என்றார்.

"எடுக்கும்," என்றார் அப்பா. "ஓடலன்னுதான் அர்த்தம். அப்போ சொன்ன சொல்லுப்படி..."

அக்கா எழுந்து மெஷினை அணைத்தாள். அப்பாவின் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள்.

"அதத் தாங்கப்பா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவுக்கும் விளங்கவில்லை. அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். ரயில் மாமா, அத்தை, பையன் எல்லோரும் பார்க்கிறார்கள். நீட்டின கை அப்படியே நிற்கிறது. அப்பாவின் கை மெல்ல எழுந்து, புதுச் சட்டையின் பாக்கெட்டுக்குள் போயிற்று. வெளியே வந்து அக்காவின் உள்ளங்கையில் எதையோ வைத்தது.

ஜம்பர். ஒன்றல்ல, இரண்டு.

அப்படியானால் முதலில் தொலைந்ததும். அம்மாவின் பட்டினியும். என் கன்னமும். அந்தக் குல்ஃபியை அவர் எந்த மனதோடு வாங்கிக் கொடுத்தார்? நாக்கில் அந்த ஏலக்காய் ருசி திரும்ப வந்தது.

"இது என்னம்மா?" என்று கேட்டார் ரயில் மாமா.

அக்கா திரும்பி, சிரித்த முகமாகச் சொன்னாள்: "இது இல்லாம ஓடாது மாமா. சின்னச் சாமான்லா, தொலஞ்சிரும்னு அப்பாகிட்டதான் குடுத்து வச்சிருந்தேன்."

அவளுக்கு இருபது வயது. எனக்கு இப்போது அதில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. அப்படி ஒரு பொய்யை அந்த இடத்தில், குரல் நடுங்காமல், என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது.

கேபினட்டைத் திறந்து ஜம்பரை மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள். மெஷின் எல்லோர் பேரையும் சொல்லிவிட்டுப் பறந்தது. பையன் முதல்முறையாக வாயைத் திறந்து, "இதுல கேம் இருக்கா?" என்றான்.

ரயில் மாமா தொடையைத் தட்டிக்கொண்டார். "ஓடிட்டுல்லா. பெறவென்ன, பிள்ளைய வேலைக்கு அனுப்புங்க. படிச்ச பிள்ள."

"அப்போ கல்யாணம்," என்று அப்பா இழுத்தார்.

"அட, அதையா இன்னும் நெனச்சிக்கிட்டு இருக்கீய? இவனே ரெண்டு வருசத்துக்குப் பேச்சே எடுக்காதீயன்னுட்டான். அன்னைக்கு மாட்டுங்கால ரயில் நின்னுக்கிட்டு கெடந்துச்சுல்லா, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்."

சும்மா ஒரு பேச்சுக்கு. என் அப்பா அந்தப் பேச்சைக் காப்பாற்றுவதற்காகத் தன் சாமியையும், பெண்டாட்டியையும், பெற்ற இரண்டு பிள்ளைகளையும் ஏமாற்றினார். ஒரு வார்த்தை திரும்பக் கேட்டிருந்தால் போதும். வார்த்தை மாறாதவர் அல்லவா, கேட்க மாட்டார்.

அவர்கள் போன பிறகு யாரும் தட்டை எடுக்கவில்லை. அம்மா நின்றபடியே கேட்டாள்: "சாமி முன்னால இருக்கும்போதா எடுத்தீய?"

அப்பா ஆமென்று தலையை ஆட்டினார். அம்மா கிச்சனுக்குள் போனாள்.

அக்கா அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள். "எங்கிட்ட கேட்டிருக்கலாம்லாப்பா."

அப்பா தட்டில் மிஞ்சிக் கிடந்த முறுக்கை ஒடித்துக்கொண்டிருந்தார்.

"சரி, எடுத்தீய. ரெண்டு தரம் எடுத்தீய. சயான் பாலத்துல இருந்து தூர எறிஞ்சிருந்தா யாருக்குத் தெரியும்? எதுக்குப் பாக்கெட்டுல வச்சிக்கிட்டு அலைஞ்சீய?"

அப்பா அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். இவ்வளவு படித்த பிள்ளை இப்படிக் கேட்கிறாளே என்பது போலப் பார்த்தார்.

"தொலச்சிட்டா நீ பெறவு எப்படிட்டி மாட்டுவ?" என்றார்.

அதுவரைக்கும் கல்லு மாதிரி இருந்த அக்கா அப்போதுதான் உடைந்து அழுதாள். திங்கட்கிழமை காலையில் அப்பா அரை நாள் லீவு போட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு போய் லேமிங்டன் ரோட்டுக் கடையில் விட்டுவிட்டு வந்தார்.